கால்வே பப்புக்குள் இத்தனை அதிசயமா! தெரியுமா உங்களுக்கு?

மாட்டையும் குதிரையையும் அடித்து வதைப்பது குற்றம் என்று உலகத்திலேயே முதன்முதலாகச் சட்டம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் குடியிருந்த வீடு இன்று ஒரு பப்! அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பியர் குடிக்கலாம், தெரியுமா? பியர் வேண்டாமென்றால் டீ கேளுங்கள். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்!

ஊர் கால்வே. அயர்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடல் ஒரு வளைகுடாவாக உள்ளே நுழையும் இடத்தில், கொரிப் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது. பப்பின் பெயர் டீ நாக்டன். கிராஸ் ஸ்ட்ரீட்டும் கீ ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் 1894 முதல் நடக்கிறது. அதற்கு முன்னால் அந்தக் கட்டடம் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் நகர வீடு. ஆளுக்கு ஆள் துப்பாக்கியை நீட்டி நியாயம் தீர்த்துக்கொண்ட காலத்தில், அப்படிப்பட்ட நேருக்கு நேர் சண்டைகளுக்குப் பேர்போன மனிதர் அவர்! ஆனால் வாயில்லா ஜீவனை யாராவது அடித்தால் மட்டும் தாங்க மாட்டார். 1822-ல் அவர் போராடி நிறைவேற்றிய சட்டத்துக்கு இன்றும் ‘மார்ட்டின் சட்டம்’ என்றே பெயர். கழுதையை அடித்த ஒரு தள்ளுவண்டிக்காரர் மீது வழக்குப் போட்டு, அந்தக் கழுதையையே நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து காயங்களைக் காட்டச் சொன்னார் என்பது பிரசித்தமான கதை. அதை ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள்! இரண்டே வருடத்தில், 1824-ல், லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியபோது அதிலும் மார்ட்டின் முன்வரிசையில் இருந்தார். நம் சென்னை வேப்பேரியில் எஸ்.பி.சி.ஏ. என்ற பலகையைப் பார்த்திருப்பீர்களே, அந்த நான்கு எழுத்துகளின் பூர்வீகம் அந்தச் சங்கம்தான்!

இன்னும் கேளுங்கள். மார்ட்டினின் மனைவிக்கு நாடகம் என்றால் உயிர். பக்கத்திலேயே கிர்வன்ஸ் லேன் என்ற சந்தில் அவருக்காக ஒரு சின்ன நாடக அரங்கையே கட்டிக்கொடுத்தார் கணவர். அந்த மேடையில் 1783-ல் நடித்த இளைஞர்களில் ஒருவர் யார் தெரியுமா? வுல்ஃப் டோன்! பின்னாளில் 1798 கிளர்ச்சியின் தலைவராகி, அயர்லாந்து விடுதலை வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கும் அதே வுல்ஃப் டோன். டீ நாக்டனிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் நீங்கள் கடக்கும் பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பப்பின் உள்ளே போனால் விசாலமான கூடத்தை எதிர்பார்க்காதீர்கள். மரத் தடுப்புகள் வைத்துப் பிரித்த குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். ‘ஸ்னக்’ என்பார்கள். பழைய நாளில் பெண்கள் ஆண்களோடு கூடத்தில் நின்று குடிப்பது வழக்கமில்லை. பாதிரியாரும் பணியில் இருக்கும் போலீஸ்காரரும் ஊர் கண்ணில் படக்கூடாது. அவர்களுக்காகக் கட்டியது இந்த ஸ்னக்! கல்லாப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதைத் தட்டினால் கோப்பை மட்டும் உள்ளே வரும், ஆள் முகம் தெரியாது. இப்போது மழை நாளில் அந்த ஸ்னக்கில் இடம் பிடிக்கத்தான் போட்டி. கால்வேயில் மழை இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், போட்டி வருடம் முழுக்க!

சரி, அங்கிருந்து மேலே ஹை ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். வண்டி போகாத தெரு. நடப்பவர்களும் தெருப் பாடகர்களும் மட்டும். அங்கே ‘கிங்ஸ் ஹெட்’ என்று ஒரு பப். ராஜாவின் தலை! எந்த ராஜா? 1649 ஜனவரி 30-ல் லண்டனில் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ். வெட்டியவர் முகமூடி போட்டிருந்தார். யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் சில வருடங்களில் கால்வேயின் ராணுவ ஆளுநராக வந்து இந்த வீட்டை எடுத்துக்கொண்ட கர்னல் ஸ்டப்பர்ஸுக்கும் அந்தக் கோடரிக்கும் சம்பந்தம் உண்டு என்பது ஊர்க்கதை. நிஜமோ இல்லையோ, அந்தக் கதையைப் பெயராகவே தூக்கி வாசலில் மாட்டிவிட்டார்கள்!

இப்போது கல்லாவுக்கு வருவோம். கறுப்பாக, மேலே வெண்ணெய்போல் நுரை நிற்க வரும் ஸ்டவுட் பியரை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கோப்பையை 45 டிகிரி சாய்த்து, முக்கால் பங்கு நிரப்பி, அப்படியே கல்லா மேல் வைத்துவிட்டு ஊற்றுபவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்! புதிதாக வந்தவர் ‘என்னை மறந்துட்டாரோ’ என்று தவிப்பார். மறக்கவில்லை. உள்ளே பழுப்பு மேகம் ஒன்று புரண்டு, சுருண்டு, கீழிருந்து மெல்ல மெல்லக் கறுப்பாகிக்கொண்டே வரும். அது முழுக்க அடங்கிய பிறகுதான் மிச்சக் கால் பங்கு. கின்னஸ் நிறுவனம் இதற்குச் சொல்லும் கணக்கு 119.5 விநாடி. அவசரப்படுத்தினால் அந்தக் கல்லாவில் உங்களுக்கு மரியாதை கிடையாது!

அந்த மேகத்தை உற்றுப் பாருங்கள். குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குகின்றன! கண் ஏமாற்றவில்லை, நிஜமாகவே இறங்குகின்றன. 2012-ல் லிமரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காரணம் சொன்னார்கள்: கோப்பையின் வடிவம்! மேலே அகன்று கீழே குறுகிய கோப்பையில் குமிழிகள் நடுவில் நெரிசலாக மேலேறுகின்றன. சுவரோரத்தில் குமிழி குறைந்து திரவம் கனத்துக் கீழே வழிகிறது. ஓரத்தில் மாட்டிய பொடிக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. கோப்பையைத் தலைகீழ் வடிவத்தில் செய்தால் ஓட்டமும் தலைகீழாகிவிடும். அந்த வெண்ணெய் நுரைக்குக் காரணம் கரியமில வாயு அல்ல, பெரும்பங்கு நைட்ரஜன். 1959-ல் இந்த வித்தையைக் கொண்டுவந்த மைக்கேல் ஆஷும் கணிதம் படித்தவர்!

கணிதம் என்றதும் இன்னொன்று. கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள் ‘ஸ்டூடண்ட் டி டெஸ்ட்’ போட்டிருப்பீர்கள். மருந்து ஆராய்ச்சியிலிருந்து விவசாயம் வரை அது இல்லாமல் நடக்காது. அதைக் கண்டுபிடித்தவர் டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்! கையில் இருப்பதோ கொஞ்சமே கொஞ்சம் மாதிரிகள். அதை வைத்து நம்பகமான முடிவுக்கு வர வேண்டும். அதற்கு வழி கண்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட நிறுவனம் விடாததால், 1908-ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். உலகம் முழுக்க மாணவர்கள் அந்தப் புனைபெயரைத்தான் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆலை நிலத்தை ஆர்தர் கின்னஸ் 1759-ல் எத்தனை வருடக் குத்தகைக்கு எடுத்தார் தெரியுமா? 9,000 வருடம்! வருட வாடகை 45 பவுண்டு! பிறகு நிறுவனம் நிலத்தையே வாங்கிவிட்டதால் குத்தகைக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

கின்னஸ் சாதனைப் புத்தகமும் இந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான் என்பது பலருக்குத் தெரியும். அது பிறந்த காரணம்தான் சுவாரசியம். 1951-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் பறவை வேட்டைக்குப் போன நிர்வாக இயக்குநர் ஹியூ பீவருக்கு, ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்ற சண்டை வந்தது. எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. நாடு முழுக்க பப்புகளில் தினமும் இப்படித்தானே சண்டை நடக்கும் என்று நினைத்தவர், அதைத் தீர்க்கவே ஒரு புத்தகம் போட்டார். 1955-ல் முதல் பிரதி வந்தது!

ஆனால் இதையெல்லாம் தாண்டி நான் மலைத்துப்போவது இசையில்தான். கால்வேயின் டிக் கோலி, கிரேன் பார் போன்ற பப்புகளில் மேடை கிடையாது. ஒரு மூலை மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், முதுகு கூட உங்கள் பக்கம் திரும்பியிருக்கலாம். ஒருவர் பெட்டியைத் திறந்து ஃபிடிலை எடுப்பார். நம் வயலினேதான், அங்கே பெயர் அப்படி. இரண்டு வரி வாசிப்பார். அவ்வளவுதான், சுற்றியிருக்கும் புல்லாங்குழல், கான்செர்டினா, பான்ஜோ எல்லாம் பாய்ந்து சேர்ந்துகொள்ளும்! தாளில் எழுதிய இசைக்குறிப்பு எதுவும் மேசையில் இருக்காது. ‘செஷன்’ என்று சொல்லும் இந்தக் கூடலில் அவர்கள் வாசிப்பது நமக்காக அல்ல, ஒருவருக்கொருவர். நாம் கேட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவே. இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பப் சம்பளம் கொடுக்கும். மற்றவர்கள் தாங்களாக வந்து சேருகிறவர்கள்.

அதன் இலக்கணத்தைக் கேளுங்கள். ஒரு மெட்டில் இரண்டு பகுதி. பகுதிக்கு எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டம். ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆக 32 பார். அதைப் பெரும்பாலும் மூன்று சுற்று வாசித்து, மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எதற்குத் தாவப்போகிறோம் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வதுகூட இல்லை. முன்னால் போகிறவர் புருவத்தைத் தூக்குவார் அல்லது ‘ஹப்!’ என்பார். ரீல் என்றால் நாலு, ஜிக் என்றால் ஆறு, ஸ்லிப் ஜிக் என்றால் ஒன்பது என்று தாளமும் மாறும். பவ்ரான் என்று ஒரு வாத்தியம். வட்டச் சட்டத்தில் ஆட்டுத் தோல். வலக்கையில் குட்டிக் குச்சியால் அடித்துக்கொண்டே, இடக்கையைப் பின்பக்கம் விட்டுத் தோலை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். கஞ்சிரா கேட்டுப் பழகிய காது அந்தக் குமுறலை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்! இல்லியன் பைப் இன்னும் விசித்திரம். வாயால் ஊத வேண்டியதே இல்லை. ஒரு முழங்கையின் கீழ் துருத்தி, மறு முழங்கையின் கீழ் காற்றுப் பை, தொடை மேல் ஊன்றிய குழல், மணிக்கட்டின் அடிப்பகுதியால் அமுக்கும் கட்டைகள். உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். 2017-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நூற்றாண்டுகளாகப் பப்புகளில் இப்படித்தான் வாசித்துவந்தார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! இசை பழையது, பப்பில் கூடி வாசிக்கும் வழக்கம் புதியது. முன்பெல்லாம் வீட்டு அடுப்பங்கரையிலும் நாற்சந்தியிலும்தான் ஆட்டமும் பாட்டமும். 1935-ல் வந்த நடனக்கூடச் சட்டம் பொது நடனத்துக்கு உரிமம் கேட்டது. பாதிரியார்களும் போலீசாரும் அதைச் சாக்காக வைத்து வீட்டு ஆட்டங்களையும் நெருக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலை தேடி லண்டன் போன ஐரிஷ் தொழிலாளிகளுக்கோ வாடகை அறையில் வாசிக்க இடமில்லை. கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பக்கத்துப் பப்புகளில் ஃபிடிலை எடுத்தார்கள். அங்கே வேர்பிடித்த வழக்கம் தாய்நாட்டுக்கும் வந்து பரவியது. ஊரை விட்டுப் போனவர்களின் ஏக்கத்திலிருந்து வந்தது என்பதால் எனக்கு அந்த மூலை மேசை மேல் தனிப் பிரியம். கிரேக்கத்து பூசூக்கி 1960-களில் இந்தக் கூட்டத்தில் நுழைந்து, இன்று ஐரிஷ் வாத்தியமாகவே ஆகிவிட்டது! கால்வேயிலிருந்து கடலோரமாகக் கொஞ்ச தூரம் போனால் ஸ்பிடல் கிராமம். அங்கே ஹியூஸ் பப்பில் நடந்த செஷன்களிலிருந்து 1970-களில் கிளம்பியதுதான் உலகம் சுற்றிய டி டானன் இசைக்குழு.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மாலோ ஊரைப் பாடும் பழைய மெட்டு. செஷன்களில் இன்றும் கேட்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாத்தியக்காரர்கள் வழியே அது தமிழ்நாட்டுக்குக் கப்பலேறி வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் கேட்டார். அதே மெட்டில் சம்ஸ்கிருத வரிகளை உட்கார வைத்தார். அதுதான் ‘வந்தே மீனாக்ஷி’! பாட்டு வகுப்பில் நம் குழந்தைகள் கற்கும் நோட்டுஸ்வரங்களில் ஒன்று. மதுரை மீனாட்சியும் மாலோ ஊர் ஊதாரிப் பிள்ளைகளும் ஒரே மெட்டில்! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்த மெட்டுகளையெல்லாம் எழுத்தில் சேர்த்துக் காப்பாற்றியவர் இசைப் பேராசிரியர் அல்ல, சிகாகோ நகரப் போலீஸ் தலைவர்! கார்க் மாவட்டத்தில் 1848-ல் பிறந்து, சின்ன வயதில் கப்பலில் ஓடி, பசிபிக் கடலில் கப்பல் உடைந்து பிழைத்து, அமெரிக்கா சேர்ந்த பிரான்சிஸ் ஓநீல். காதில் கேட்ட மெட்டை மறக்காதவர், ஆனால் இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. உறவில்லாத இன்னொரு ஓநீல், அவரும் அதே படையில் இருந்த போலீஸ்காரர், உட்கார்ந்து எழுதினார். 1903-ல் வந்த புத்தகத்தில் 1,850 மெட்டுகள்!

எல்லா வாத்தியமும் திடீரென்று நிற்கும் நேரமும் உண்டு. ஒருவர் தனியாக, பக்கவாத்தியம் ஏதுமின்றி, ஐரிஷ் மொழியில் பாடத் தொடங்குவார். ஷான் நோஸ் என்ற அந்தப் பாணியின் சொந்த மண் கால்வேக்கு மேற்கே இருக்கும் கனெமாரா. கல்லாவில் கோப்பை ஊற்றுவதுகூட நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் பாடகரின் கையைப் பிடித்து, பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்ப மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார், பாடகர் கண்ணை மூடியிருப்பார். அந்தப் பக்கத்துக் கார்னா கிராமத்தில் பிறந்த ஜோ ஹீனி என்ற பாடகர், பாட்டி தாத்தா காலத்துப் பாட்டுகளை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்!

கடலோர ஊர் ஆயிற்றே, சாப்பிட என்ன? சிப்பி! செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கால்வே வளைகுடாச் சிப்பிக்குப் பருவம். ஓட்டைத் திறந்து பச்சையாக, எலுமிச்சை பிழிந்து, கோதுமைத் தவிட்டு ரொட்டியோடும் கறுப்பு பியரோடும் சாப்பிடுவார்கள். 1954 முதல் அதற்கென்று திருவிழாவே நடக்கிறது. சிப்பி திறப்பதில் உலகப் போட்டியும் உண்டு. அந்தச் சிப்பி வாழ்நாளில் ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழ்கிறது, தெரியுமா?

சட்டங்களைப் பாருங்கள், அவை இன்னும் வேடிக்கை. 1902 முதல் அயர்லாந்தில் புதிய பப் திறக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள ஓர் உரிமத்தை வாங்கி ஒழித்தாக வேண்டும்! 1846 சட்டப்படி, சந்தேக மரணம் நிகழ்ந்தால் உடலைப் பக்கத்துப் பப்பில் கொண்டுபோய் வைக்கச் சொல்லலாம். நிலவறை குளிர்ச்சியாக இருக்குமே! 1962 வரை அந்த விதி இருந்தது. மளிகைக் கடையும் பப்பும் ஒரே கூரையின் கீழ், பப்காரரே ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் என்பதெல்லாம் சிற்றூர்களில் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். 2004 மார்ச் 29-ல் பப் உட்பட எல்லா வேலையிடங்களுக்குள்ளும் புகைபிடிப்பதை நாடு முழுக்கத் தடைசெய்த முதல் நாடு அயர்லாந்துதான். பப் செத்துவிடும் என்று கூக்குரல் எழுந்தது. சாகவில்லை; ஃபிடில் வாசிப்பவர்களின் நெஞ்சு பிழைத்தது!

இத்தனை பப் இருக்கும் நாட்டில் மதுவே தொடாதவர்களின் பேரியக்கமும் இருந்தது. தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் 1838-ல் கார்க் நகரில் தொடங்கிய இயக்கத்தில் சில வருடங்களிலேயே லட்சக்கணக்கானோர் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். 1898-ல் வந்த பயனியர் சங்கத்தின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டே பப்புக்கு வந்து எலுமிச்சைச் சாறு குடித்தபடி பாட்டு வாசித்தவர்கள் ஏராளம். குடிக்காதவர் பப்பில் அந்நியர் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! குழந்தைகளும் பெற்றோருடன் வரலாம், இரவு 9 மணி வரை. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி வரை. எட்டு வயதுப் பிள்ளை டின் விசிலோடு பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து ரீல் வாசிப்பதைப் பார்க்க நேரம் இதுதான்.

1927-லிருந்து புனித வெள்ளியன்று நாடு முழுக்கப் பப்புகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். 2018 மார்ச் 30-ல்தான் அந்தப் பூட்டு திறந்தது. மிச்சமிருக்கும் ஒரே விடுமுறை கிறிஸ்துமஸ். மற்ற நாட்களில் போனால் மாலையே போய்விடுங்கள். டிக் கோலியில் கூட்டம் நெரியும்போது மூலையில் ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தால், அதிர்ஷ்டம் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். அது ஃபிடில்காரர்களுக்கு!